216 படிகளும் என் வலது முழங்காலும்

அம்மா நலமாக இருக்கிறாள். அவள் படி ஏறிய செய்தி கேட்டு நேற்று இரவிலிருந்து ஆள் மாற்றி ஆள் தொலைபேசியில் விசாரிப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து, குளித்து, பால்கனித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, இப்போது மருமகளோடு அடுப்படியில் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருக்கிறாள். படுத்திருப்பது நான். என் வலது முழங்காலின் மேல் உறையவைத்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டாணி மதியம் குருமாவுக்கு வேண்டும், சீக்கிரம் வலியை முடித்துக்கொள் என்று இதுவரை இரண்டு முறை எச்சரிக்கை வந்துவிட்டது.

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு வந்த நாள் முதல் அம்மாவை எதையாவது காட்டி அசத்திவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஈபிள் கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். "பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். லூவர் அருங்காட்சியகத்தில் உட்கார நாற்காலி தேடினாள். வெர்சாய் அரண்மனையில் மேலே பார்த்து, "ஒட்டடை அடிக்க எத்தனை பேர் வைத்திருந்தான் இந்த ராஜா?" என்றாள். லாஷப்பேல் தமிழ்க் கடைத்தெருவில் முருங்கைக்காய் விலையைச் சொன்னபோது மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அதை அசத்தல் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆகவே நகரம் வேண்டாம், கிராமப்புறம் போவோம் என்று முடிவு செய்தேன். பாரிசுக்குத் தெற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேலே போனால் லோத் மாவட்டம். சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலம், அக்ரூட் மரங்கள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் போட்ட செம்மறி ஆடுகள். காதில் கம்மல் மாதிரி எண் அட்டை. அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நம்பினேன். அவளுடைய முழங்காலுக்குப் படி ஆகாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். எந்தெந்த இடத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து குறித்தேன். மடக்குகிற கைத்தடி ஒன்றும் வாங்கினேன். கைத்தடியைப் பார்த்து, "இது யாருக்கு?" என்றாள். பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகு தெரிந்தது.

முதலில் பதிராக் பாழ்குழி, கடைசியில் ரொக்கமதூர் என்ற யாத்திரைத் தலம் என்பது திட்டம். சமதரையாகப் போய்க்கொண்டிருக்கும் நிலத்தில் திடீரென்று ஏறக்குறைய 35 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய். எட்டிப் பார்த்தால் அடி 75 மீட்டர் கீழே இருக்கிறது. 1889இல் எதுவார் அல்பிரேத் மர்த்தேல் என்ற குகை ஆராய்ச்சியாளர் இறங்கிப் பார்க்கும்வரை, இது பிசாசு காலால் உதைத்த பள்ளம் என்றே ஊரார் சொல்லிவந்தார்கள். கதை இப்படி: ஒரு மூட்டை ஆன்மாக்களோடு போய்க்கொண்டிருந்த பிசாசு, கோவேறு கழுதையில் வந்த புனித மார்த்தினை வழிமறித்தது. நான் வைக்கும் தடையைத் தாண்டினால் மூட்டை உனக்கு என்று சொல்லித் தரையை ஓர் உதை விட்டது. குழி விழுந்தது. கழுதை ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆன்மாக்கள் தப்பின.

"தாவியது கழுதை. பேர் சாமியாருக்கா?" என்றாள் அம்மா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. மர்த்தேலிடமும் இருந்திருக்காது.

லிஃப்டில் இறங்கினோம். உள்ளே கோடையிலும் 13 டிகிரிதான். என் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டேன். இந்தக் கோட்டு பின்னால் வரும், நினைவில் வையுங்கள். குழியின் அடியிலிருந்து இன்னும் கீழே போய், தரைமட்டத்திலிருந்து 103 மீட்டர் ஆழத்தில் ஓடும் ஆற்றில் படகேறினோம். படகுக்காரர் துடுப்பால் பாறையைத் தள்ளித் தள்ளி வளைத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு உடனே பிச்சாவரம். "அங்கே வெளிச்சமாவது இருக்கும்." மேலேயிருந்து அறுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு சுண்ணாம்பு விழுது தொங்கி, நீர்மட்டத்தைத் தொடப் போகிறேன் தொடப் போகிறேன் என்று நிற்கிறது. ஊரே வாய் பிளந்து அண்ணாந்தது. அம்மாவின் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டு, "கூரை ஒழுகுகிறது. ஆள் வைத்துப் பார்க்க மாட்டார்களா?" என்றாள். அதை என் மகன் சின்னவன் படகுக்காரருக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துவிட்டான். அவர் துடுப்பை நிறுத்திச் சிரித்ததில் படகு தானாக ஒரு சுற்றுச் சுற்றியது.

மேலே வந்து, வழியில் ஒரு கிராமத்தில் சாப்பாட்டுக்கு இறங்கியபோது மணி இரண்டு ஐந்து. பிரெஞ்சுக் கிராமத்தில் மதியச் சாப்பாடு என்பது பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நடக்கும் பூஜை. இரண்டு அடித்தால் நடை சாத்திவிடுவார்கள். இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடம் வரி கட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஐந்துக்குத்தான் போய் நிற்கிறேன். உள்ளே மேசை மேசையாக மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, எங்களிடம் மட்டும் சமையலறை மூடிவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார் உணவகத்து அம்மையார். வருத்தம் மாதிரியே இல்லை.

நான் திரும்பியபோது மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "புளியோதரை கட்டிக்கொண்டு வரக்கூடாது, உல்லாசப் பயணம் மாதிரி இருக்க வேண்டும், கோயில் சத்திரம் மாதிரி இருக்கக்கூடாது" என்று முதல் நாள் இரவு நான் சட்டம் போட்டிருந்தேன். காரின் பின்பெட்டியில், மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளத்திலிருந்து மூன்றடுக்குத் தூக்குவாளி ஒன்று வெளியே வந்தது. சக்கரம் எங்கே என்று கேட்டேன். "வீட்டில் இருக்கிறது, பத்திரமாக" என்றாள் என் மனைவி.

அக்ரூட் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்துபோன வயதான தம்பதி எங்களைப் பார்த்து "போனப்பெத்தி" என்றார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்துகிறார்கள் என்றேன். "சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா போகிறார்களே, பாவம், கொடுத்து அனுப்படா" என்று காகிதத் தட்டில் இரண்டு கரண்டி வைத்துச் சின்னவனை ஓடவிட்டாள். அவர்கள் பதிலுக்குத் தங்கள் பையிலிருந்து ஆட்டுப்பால் சீஸ் இரண்டு கொடுத்தார்கள். ரொக்கமதூர் சீஸ், ஆமவடை அளவு, முப்பத்தைந்து கிராம். 1996இலிருந்து ஊர்ப் பெயரைச் சட்டப்படி பாதுகாத்து வைத்திருக்கும் பெருமைக்குரிய பொருள். அம்மா முகர்ந்தாள், நுனியைக் கிள்ளி வாயில் போட்டாள், யோசித்தாள். "பால்கோவாவை யாரோ மறந்துவிட்டார்கள்" என்றாள். ஆனால் முழுதும் தின்றாள்.

அடுத்தது குரங்குக் காடு. இதற்கு டிக்கெட் எடுத்தேன் என்பதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. "குரங்கைப் பார்க்கக் காசு கொடுத்தாயா? அழகர்கோயிலில் அது வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகுமே!" வட ஆப்பிரிக்காவின் வாலில்லாக் குரங்குகள், நூற்றுக்கு மேல், வேலியில்லாமல் காட்டில் திரிகின்றன, நாம் பாதையில் நடக்க வேண்டும். வாசலில் எங்கள் கையில் கொஞ்சம் சோளப்பொரி கொடுத்தார்கள். அம்மா உள்ளே நுழையும் முன்பே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பையை வயிற்றோடு கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, போருக்குத் தயாரானாள். ஒரு பெரிய குரங்கு மரத்தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அம்மா கையை நீட்டினாள். அது அவள் உள்ளங்கையிலிருந்து ஒரே ஒரு பொரியை, பிரசாதம் எடுப்பதுபோல், இரண்டு விரலால் எடுத்தது. மென்றது. இன்னொன்று எடுத்தது. பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாலும் இல்லை, ரோஷமும் இல்லை. இது குரங்கா?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஏமாற்றம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வெயில் ஏறிவிட்டது. ரொக்கமதூருக்குக் கீழே, பள்ளத்தாக்கில் காரை நிறுத்தியபோது கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் வீசினேன். வங்கி அட்டை அதன் உள்பையில்.

ரொக்கமதூரைக் கீழேயிருந்து பார்க்க வேண்டும். ஆல்சூ ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே, செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்த ஊர். தெருவின் தலையில் மாதா கோயில்கள், கோயில்களின் தலையில் பாறை, பாறையின் தலையில் கோட்டை. தெருவிலிருந்து கோயில்களுக்கு 216 படிகள். அந்தக் காலத்தில் யாத்திரிகர்கள் முழங்காலிட்டே ஏறினார்கள். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி 1170இல் வந்தார். பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி 1244இல் வந்தார். நான் லிஃப்ட் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன்.

அம்மா படியைப் பார்த்தாள். "எத்தனை?"

"இருநூற்றுப் பதினாறு."

"திருத்தணியே முந்நூற்று அறுபத்தைந்து" என்றாள். செருப்பைச் சரிசெய்துகொண்டு, முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெண்மணி இது இந்த ஊர் முறைபோலும் என்று தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவரும். திரும்பிப் பார்த்தால் ஒரு வரிசையே குனிந்துகொண்டிருந்தது. எண்ணூறு ஆண்டு யாத்திரையில் எங்கள் வீட்டுப் பங்களிப்பு.

அம்மா ஏறினாள். நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சின்னவன் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே ஓடினான். நூற்று நாற்பதாவது படியில் என் வலது முழங்காலுக்குள் ஏதோ 'களுக்' என்றது. பேசாமல் உட்கார்ந்தேன். மேலேயிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள், இறங்கி வந்தாள், தன் பையிலிருந்து அந்தக் கைத்தடியை எடுத்து, ஒவ்வொரு கணுவாக நீட்டி, என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள்.

ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்கு வெளியே, உயரத்தில் பாறையில் செருகியிருந்த வாளைக் காட்டலாம் என்றால் அது இல்லை. பிரெஞ்சுப் பழங்கதை வீரன் ரோலானின் துராந்தால் வாள் என்று ஊரார் கொண்டாடிய இரும்பு. 2024 ஜூனில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். "நம் ஊரில் சாமியையே கப்பலேற்றுகிறார்கள். இவர்களுக்கு வாளோடு போயிற்றே" என்று பாறைக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள்.

உள்ளே, சின்னஞ்சிறு கோயில். சுவரெல்லாம் கரி. பீடத்தில் அக்ரூட் மரத்தில் செதுக்கிய கறுப்பு மாதா, மடியில் குழந்தை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிலை என்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை முழ உயரம். விட்டத்திலிருந்து பொம்மைக் கப்பல்கள் தொங்கின. மேலே ஒரு பழைய இரும்பு மணி. நடுக்கடலில் தவிக்கிறவர்களை மாதா காப்பாற்றும்போது அது தானாக அடிக்கும் என்பது நம்பிக்கை. கையேட்டை விரித்து விளக்க ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள் அம்மா. "வேளாங்கண்ணியிலும் கப்பல் கதைதான்."

பிறகு பேசவில்லை. ஒரு கப்பலுக்கு அடியில் அண்ணாந்தபடி நெடுநேரம் நின்றாள். இந்த நாட்டில் அவள் எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக மர்செய்க்குக் கப்பல் ஏறிய வருஷம் மூன்று மாதம் கடிதம் வரவில்லை. உன் ஆயா வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். கடிதம் வந்தால் அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி. கடிதம் வந்துவிட்டது. மெழுகுவத்தி வாங்கவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று கடைசியில் என்னிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்."

"அப்படியானால் வில்லியனூரிலேயே செலுத்தியிருக்கலாமே?"

"ஆள் உயர மெழுகுவத்தியை டவுன் பஸ்ஸில் யார் கொண்டுபோவது? வெயிலில் வளைந்துவிடும். நானும் அடுத்த மாதம் என்றே இருந்துவிட்டேன்." சற்று நிறுத்திச் சொன்னாள்: "கிளை எதுவானால் என்ன, கணக்கு ஒன்றுதானே."

மெழுகுவத்தி வைத்திருந்த பெட்டிப் பக்கம் போனாள். ஒன்றை எடுத்துக் கையை விரித்து அளந்தாள். முக்கால் சாண். "தாத்தா ஐந்தடி ஆறங்குலம்" என்று முணுமுணுத்து விரல்விட்டு எண்ணினாள். "பத்து."

என் சில்லறை உண்டியலில் விழுந்தது. மனைவியின் பர்சிலிருந்ததும் விழுந்தது. சின்னவன் சீஸ் வாங்க வைத்திருந்ததும் விழுந்தது. பத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றாக ஏற்றி ஒரே வரிசையில் வைத்தாள். பக்கத்தில் நின்ற பாதிரியார் போன்ற ஒருவர் புன்னகைத்தார். அம்மா தள்ளி நின்று பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"தொப்பியை விட்டுவிட்டேனே. படத்தில் தொப்பியோடுதான் இருப்பார். இன்னொன்று எடு."

பதினொன்றாவதையும் ஏற்றிவிட்டு வெளியே வந்தோம். படி இறங்கத் திரும்பினேன். அம்மா லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நேர்ச்சை முடிந்தது. இனி எதற்கு நடக்க வேண்டும்?"

பைகளைத் துழாவியதில் மூன்று பேருக்குச் சரியாக இருந்தது. வங்கி அட்டை கீழே காரில், கோட்டுக்குள். லிஃப்ட் கதவு மூடும்போது சின்னவன் கையசைத்தான். அம்மா கைத்தடியைச் சுட்டிக்காட்டி, "பார்த்து இறங்கு" என்றாள்.