அவசரத் தொடர்பு எண்

பல்கலைக்கழக மனநல ஆலோசனைக்கான படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அவசரத் தொடர்பு எண். வேறு படிவமாக இருந்தால் யோசிக்காமல் அம்மாவின் எண்ணை எழுதியிருப்பேன். இங்கே எழுதினால் அம்மாவுக்குத் தகவல் போய்விடுமோ? அம்மாவுக்குத் தெரிந்தால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கே தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலில் சித்தி திருநீறும் கையுமாகக் காத்திருப்பார். அண்ணனின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இரண்டு மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. இந்தச் சந்திப்புக்கே இரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த எரிச்சல் வேறு.

ஆலோசகர் ஒரு மலாய் அம்மையார். என் கதையைக் கேட்பதற்கு முன் தன் விதிகளைச் சொன்னார். இங்கே பேசுவது பெற்றோருக்கோ விரிவுரையாளருக்கோ போகாது, மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது. ஆனால் என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, சட்டம் கேட்டாலோ அவர் சொல்லியாக வேண்டும். முடிந்தவரை என்னிடம் தெரிவித்துவிட்டே சொல்வார். படிவத்தில் உள்ள எண்ணும் அப்படிப்பட்ட ஆபத்துக்குத்தான். எதையும் யாரிடமும் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. சில நினைப்புகளை வாய்விட்டுச் சொன்னால் போலீஸ் வழக்காகிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அது பழைய கதை என்றார் ஆலோசகர். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமில்லை. நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் அழைக்கச் சொல்லி, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767-ஐ ஒரு தாளில் எழுதித் தந்தார். 24 மணி நேரமும் எடுப்பார்களாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மனநலம் பற்றி எழுத வேண்டுமா என்று கேட்டேன். அப்படிக் கேட்பதே நியாயமான வேலை நியமன வழிகாட்டிக்கு முரணானது என்றார்.

பிறகுதான் வேடிக்கை. எல்லாமே வெறுப்பாக இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவைத்தேன். "யாரை வெறுக்கிறீர்கள்?" என்றார். யாரையும் இல்லை! சோறு, பஸ், கண்ணாடியில் என் முகம், எல்லாம் சலித்துப்போன அந்த நிலைக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை அது என்று விளக்கினேன். நோட்டில் குறித்துக்கொண்டு, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். மூன்று முறை சொன்னேன். அவருக்கு 'று' வரவேயில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். பல வாரங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

ஐந்து முறை போய்வந்துவிட்டேன். தூக்கம் பாதி திரும்பியிருக்கிறது. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்குக் குழுப் பாடவேலை என்றுதான் அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்று மட்டும் எனக்கென்று இரண்டு மீன் துண்டுகளைத் தனியே மூடி வைக்கிறார்.