விலைக்கு முன்னால் கேட்கும் கேள்வி

சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடுகளைக் கையாளும் முகவர் நான். விலை பேசுவதற்கு முன்பே விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் "நீங்க என்ன இனம்?" என்று கேட்டாக வேண்டும். ஊரிலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அது எத்தனை அறை என்று விசாரிப்பது மாதிரிதான்.

1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைதான் காரணம். ஓர் இனத்தவர் ஒரே இடத்தில் குவிந்துவிடாமல் இருக்க, பேட்டைக்கும் (குடியிருப்பு வட்டாரம்) புளோக்குக்கும் (ஓர் அடுக்குமாடிக் கட்டடம்) தனித்தனி வரம்பு உண்டு. புளோக் அளவில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. கடைசி எண் 2010 வரை 13 ஆக இருந்தது.

தாளில் பார்க்க எல்லாருக்கும் சமமாகத்தான் தெரியும். விற்கும்போதுதான் சங்கதி புரியும். ஐந்தறை வீட்டை விற்கவந்த தமிழர் ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். "அந்தச் சீனத் தம்பதி நல்ல விலை சொன்னாங்களேண்ணே, ஏன் விட்டீங்க?" அந்த புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது. இனி அங்கே சீனர் வாங்கவேண்டுமானால் இன்னொரு சீனரிடமிருந்துதான் வாங்கமுடியும். மேல்மாடியில் அதே அளவு வீடு வைத்திருக்கும் சீனருக்கு அந்தத் தடை இல்லை. இந்தத் தமிழருக்கோ மலாய்க்காரரும் இந்தியரும் மற்றவரும்தான் மிச்சம். வாங்க வருகிறவருக்கும் இது தெரியும், விலையை அடித்துக் கேட்பார். ஊருக்கே நன்மை தரும் ஏற்பாட்டின் செலவைச் சிறுபான்மை வீட்டுக்காரர் மட்டும் ஏன் சுமக்கவேண்டும்? இப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழி 2022-ல்தான் வந்தது. தாமதம்தான், ஆனாலும் தேவையானது.

கொள்கையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாரம் மலாய்க் கல்யாணப் பந்தல், அடுத்த வாரம் சீனர் ஈமச்சடங்கு என்று புளோக்கின் ஒரே பொதுக் கீழ்த்தளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், எந்த ஊர் என்றால் "தெம்பனிஸ்", "தோ பாயோ" என்று பேட்டைப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் வரம்பால் ஆவது அவ்வளவுதான். "பக்கத்து வீட்டுல யாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்கும் ஆள் இன்னும் வருகிறார். வாடகைக்கு விடும்போது "இந்தியர் வேண்டாம்" என்று பளிச்சென்று சொல்லும் வீட்டுக்காரரும் இருக்கிறார். (அப்படிப்பட்ட விளம்பரத்தை நான் போடுவதில்லை.)

வீடு வாங்க வரும் நம்மவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வேன். எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதோடு, அந்த புளோக்கில் எந்த வரம்பு நிரம்பியிருக்கிறது என்பதையும் கழகத்தின் இணையப்பக்கத்தில் பார்த்துவிடுங்கள். மாதாமாதம் மாறும் கணக்குதான். என்றாலும் பின்னால் யாருக்கு விற்கமுடியும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.