ஒயில் லைட் மினுங்குகிறது

ஜூன் 14, 2025, சனி

நிலாவெளியில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், உப்புவெளி தாண்டி, பேருந்து ஒன்றுக்கு வழிவிட்டு நின்றேன். டாஷ்போர்ட்டின் நடுவிலிருக்கும் பெரிய வட்ட மீற்றருக்குள், ஒயில் பிரசர் குறைந்தால் எரியும் ஒயில் லைட் மினுங்கியது. முதலில் கண்டது மனைவிதான். "இதென்ன, உங்கட கார் கண்ணடிக்குது?" அக்சிலேற்றரைக் கொஞ்சம் மிதித்தால் அணைகிறது. காலை எடுத்தால் திரும்பவும்.

அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். அப்பா இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார். ஆனால் பின்சீற்றில் இரண்டு மாமிமார், வெளியே கச்சான் காற்று புழுதியை அள்ளி அடிக்கிறது. திருகோணமலை உவர்மலை வீடு வரை மெதுவாக ஓட்டியே விட்டேன். வெட்கம்தான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கார் அப்பாவின் மொறிஸ் மைனர் 1000. 1960 மொடல், 948 சீசீ.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் எஞ்சின் ஆறியபிறகு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். மட்டம் சரி. மோந்து பார்த்தேன், பெற்றோல் வாடை இல்லை. மைனரில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது, எஞ்சினோடு ஒட்டியிருப்பதில்லை. அதனால் டயப்ரம் கிழிந்து பெற்றோல் ஒயிலுக்குள் இறங்குமோ என்ற பயம் இந்தக் காருக்கு இல்லை.

ஆனால் ஒயில் டிப்ஸ்டிக்கில் தங்காமல் வழிந்து ஓடியது. ஏப்ரலில் எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவர் கசிவுக்காக ஒரு கராஜில் விட்டபோது ஒயிலும் மாற்றினார்கள். பில்லைத் தேடி எடுத்தேன்: 10W-30, மெல்லிய ஒயில். புதுக் காருக்குப் பொருந்தும். அறுபது வயது தாண்டிய தேய்ந்த எஞ்சினுக்கு அப்பா தடித்த 20W-50 தவிர வேறெதையும் ஊற்றியதில்லை.

பின்னேரம் கிண்ணியாவிலிருந்து நானா வந்தார். அப்பா காலத்திலிருந்தே இந்தக் காருக்குக் கை வைப்பவர். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "தட்டுற சத்தமில்ல மாஸ்டர். லைட்டை நம்பி எஞ்சினைக் கழட்டாதீங்க. முதல்ல அளந்து பாருங்க" என்றார். போகும்போது தன்னுடைய பழைய பிரசர் மீற்றரையும் பித்தளை அடப்டரையும் தந்துவிட்டுப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

பாடசாலை விட்டு வந்து லைட் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் மீற்றரின் குழாயைப் பூட்டினேன். ஸ்விட்ச்சுக்கு எரியவும் அணையவும்தான் தெரியும். பிரசர் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 10 இறாத்தலுக்குள் எங்கோ இறங்கினால் எரியும். ஸ்விட்ச்சே பழுதாகிப் பொய் சொன்னாலும் லைட் இதே மாதிரித்தான் மினுங்கும். மீற்றரைப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

மகள் மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க, நிலாவெளி வரை போய் வந்தோம். குளிர்ந்த எஞ்சின், ஐட்லிங் (அக்சிலேற்றர் மிதிக்காமல்): 50. சூடேறியபின் 40 மைல் வேகத்தில் 28. சூடான ஐட்லிங்: 5.

சூட்டில் ஓடும்போது 60ஐ ஒட்டியும், ஐட்லிங்கில் 15ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். ஆக ஸ்விட்ச்சில் பழுதில்லை. பிரசர் உண்மையிலேயே குறைவு.

இரவு மகள் கேட்டாள், பம்ப் பழுதா என்று. பம்ப் ஒயிலைத் தள்ள மட்டும்தான் செய்கிறது. தள்ளிய ஒயில் பெயாரிங் இடுக்குகளில் முட்டிக்கொண்டு நிற்பதால்தான் பிரசர் வருகிறது. இடுக்கு தேய்ந்து அகன்றால், அல்லது ஒயில் தண்ணீராகிவிட்டால், முட்டுக்கட்டை போய்விடும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பொத்துவதையும் விடுவதையும் காட்டினேன். நனைந்ததுதான் மிச்சம், ஆனால் விளங்கிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

20W-50 வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிறது என்று பெருமைப்படும் ஊர் இது. 3.7 லீற்றர் ஊற்றிப் புது ஃபில்டரும் போட்டேன். சூட்டில் ஓடும்போது 34, ஐட்லிங்கில் 8. லைட் அணையும் அளவுக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

ஜூன் 21, சனி

இன்று ரிலீஃப் வால்வு, பிரசர் அளவு மீறினால் திறந்து ஒயிலைத் திருப்பிவிடுவது. எஞ்சின் பிளொக்கின் பின்பக்கம் வலது கையில், குமிழ்த் தலையுள்ள பெரிய நட். அதற்குள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் முன்னால் தையற்காரர் விரலில் மாட்டும் தொப்பி போன்ற சின்ன உருக்குக் குமிழ். ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது, குமிழ் வரவில்லை. மகளின் பென்சிலை அதன் வாய்க்குள் இறுக்கிச் செருகி இழுத்தேன். டொப் என்று கழன்றது.

குமிழ் உட்காரும் விளிம்பில் மினுமினுப்பான ஒரு வளையம் இருந்தது. வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தது. அந்த இடத்தில் தலைமுடி தடிப்பில் நீல நிறமாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. சிலிக்கன் பசை. அது இடறி வால்வு முழுதாக மூடாமல் இருந்திருக்கிறது.

எங்கள் காரில் அப்பா ஒருநாளும் சிலிக்கன் பூசியதில்லை. டைமிங் கவருக்கு ஏப்ரலில் யாரோ தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார்கள்.

துடைத்துப் பூட்டினேன். ஓடும்போது 48! ஐட்லிங்கில் 10. நானாவுக்குப் போன் பண்ணினால், சிலர் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வொஷர் வைத்து இறுக்குவார்கள், அது வேண்டாம் என்றார். சரிதான். ரிலீஃப் வால்வு உச்சப் பிரசரைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஐட்லிங்கில் அது மூடியே கிடப்பது. வொஷர் வைத்தால் மீற்றர் முள் சந்தோசப்படும், பெயாரிங்குக்கு ஒரு சொட்டும் கூடுதலாகப் போகாது.

ஒரு முடி இங்கே வந்திருக்கிறதென்றால் மிச்சம் எங்கே?

ஜூன் 22, ஞாயிறு

நானா பாயும் சாரமுமாக வந்து காருக்கடியில் படுத்துவிட்டார். மைனரில் எஞ்சினை இறக்காமலே, அதன் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றலாம்.

சம்புக்குள் ஒயில் உறிஞ்சும் சல்லடையைப் பார்த்து இருவருமே பேசவில்லை. பாதிக்கு மேல் நீல நூல்கள், சேமியாவை வடிகட்டியில் ஊற்றி வைத்தது போல. நானா ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய பத்திரிகையில் வரிசையாக வைத்தார். கடைசியில், "இவ்வளவும் பூசினதுக்குப் பிறகும் கவர் கசியுதே மாஸ்டர்" என்றார். உண்மைதான், கசிந்துகொண்டுதான் இருக்கிறது.

சம்ப் திறந்தாயிற்று, பிக் எண்ட் ஷெல்களையும் (கிராங்க் தண்டைப் பிடிக்கும் பெயாரிங் தகடுகள்) பார்த்துவிடுவோம் என்று இரண்டாவதைக் கழற்றினோம். சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து இறுக்கிக் கழற்றி அளந்தால் இடைவெளி 0.004 அங்குலம். அதிகம் போனால் 0.0025 இருக்கலாம். கிராங்கில் கோடு இல்லை, நகத்தால் தடவினால் வழுக்குகிறது. நாலு சோடி ஷெல்லுக்கும் கொழும்புக்குச் சொல்லியாயிற்று.

ஜூன் 28, சனி

ஷெல் வந்தது, பூட்டினோம். சம்புக்குத் தக்கைக் கஸ்கற், பசையே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீற்றர் முள் எழும்பும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். அப்புறம்தான் ஸ்டார்ட்.

கன்னியா வரை போய் வந்தோம். ஓடும்போது 55, சூடான ஐட்லிங்கில் 13. மிச்ச இரண்டு இறாத்தல் மெயின் பெயாரிங்கிலோ பம்பிலோ இருக்கும். பம்ப் ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பார்க்க எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்று நானாவும் நானும் ஒத்துக்கொண்டோம். மனைவி மட்டும் மீற்றரைக் கழற்றச் சொல்கிறாள், குழாய் காலில் இடறுகிறதாம். நானாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இன்னும் ஒரு மாசம் கிடக்கட்டும், மாரிக்கு முன்னம் வாங்கிக்கிறன்" என்றார்.