2உம் 8உம் பிடிபட்ட பிறகுதான் பாடம் பிடிபட்டது

உயர்தரப் பெறுபேறு போன கிழமை வந்தது. தமிழ் ஏ, இந்து நாகரிகம் பி, அரசியல் விஞ்ஞானம் பி. இது இரண்டாம் தடவை. முதல் தடவை அரசியலில் வெறும் எஸ், அதாவது சாதாரண சித்தி. இரண்டு தடவையும் அதே விக்டர் ரீடர் ஸ்ட்ரீமில்தான் படித்தேன். பார்வையற்றவர்கள் புத்தகங்களையும் பதிவுகளையும் கேட்கப் பாவிக்கும், எண் விசைகள் உள்ள சிறு கருவி அது. விசைகளைப் பழகிய விதம் மட்டும் வேறு. பார்வையில்லாமல் கலைப்பிரிவில் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக அதை எழுதுகிறேன்.

கருவி கிடைத்தபோது ஒரு வகுப்பில் இரண்டு நாள் சொல்லித்தந்தார்கள். 1 புத்தக அலமாரி, 5 எங்கே நிற்கிறோம், 7 மெனு, நட்சத்திரம் ரத்து, ஹாஷ் உறுதி. வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தேன். தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு நான் தொட்டது கீழ்வரிசையில் உள்ள மூன்று விசைகளை மட்டும்தான்: பின்னுக்கு, ஓடு, முன்னுக்கு. வானொலி கேட்பதுபோல முதலிலிருந்து கேட்டுக்கொண்டே போனேன். ஒரு ராத்திரி லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிறது, நான் 1978 அரசியல் யாப்பைத் தேடி முன்னோக்கு விசையை அரைமணி நேரமாக அமுக்கிக்கொண்டிருக்கிறேன். தேடிப் பிடித்தபோது தூக்கம் வந்துவிட்டது.

2உம் 8உம் மட்டத்தை மாற்றும்; அதாவது ஒரு தடவையில் ஃபோல்டர் ஃபோல்டராகத் தாவுவதா, கோப்புக் கோப்பாகவா, நேரக் கணக்கிலா என்பதை. 4உம் 6உம் அந்த மட்டத்தில் பின்னும் முன்னும் நகர்த்தும். இதைப் பாடமாக்கி வைத்திருந்தேன், விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியது அக்காவால்தான். அக்கா கொழுந்து எடுத்துவிட்டு வந்து இரவில் என் குறிப்புகளைப் போனில் வாசித்துப் பதிவாள். அதுவரை ஓர் அத்தியாயம் ஒரே கோப்பாக இருந்தது. பிறகு அத்தியாயத்துக்கு ஒரு ஃபோல்டர், உபதலைப்புக்கு ஒரு கோப்பு என்று பிரித்தோம். ஒவ்வொரு கோப்பிலும் முதல் வார்த்தையே தலைப்பு.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். கோப்பு மட்டத்தில் வைத்து 6ஐ அமுக்கினால், "சோல்பரி யாப்பு, 1947". மறுபடி 6: "29ஆம் பிரிவு, சிறுபான்மையோர் பாதுகாப்பு". மறுபடி 6: "1948 குடியுரிமைச் சட்டம்". தோட்டத்துத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் அது. அந்த இடத்தில் அப்பா, "நிப்பாட்டு, முழுசா கேப்போம்" என்றார். அவர் கேட்டு முடிக்கும் வரை நான் அடுத்ததற்குப் போகவில்லை. மற்ற நாட்களில் நிற்காமல் 6, 6, 6 என்று போவேன். பத்து நிமிடத்துக்குள் முழு அலகின் எலும்புக்கூடும் காதுக்குள் வந்துவிடும். பரீட்சை மண்டபத்தில் எனக்காக எழுதியவரிடம் அதே வரிசையில்தான் தலைப்புகளைச் சொன்னேன். முதல் தடவை நடுவில் தடுமாறி, "மேலே எழுதினதை வாசிங்க" என்று கேட்டே நேரம் போயிருந்தது. இந்த முறை ஒரேயொரு இடத்தில்தான் கேட்டேன்.

செய்ய வேண்டியவை:

- முதல் வாரம் 2, 4, 6, 8 மட்டும். வேறு எதையும் தொடாதீர்கள். 5இல் உள்ள புள்ளியில் நடுவிரலை வைத்தால் நான்கும் சுற்றிலும் இருக்கும்.
- 4, 6ஐ அமுக்கும் முன் எந்த மட்டம் என்று காதால் கேட்டு உறுதிசெய்யுங்கள். நான் ஃபோல்டர் மட்டத்தில் இருப்பது தெரியாமல் 6ஐ அமுக்கி, நின்ற இடத்தைத் தொலைத்த நாட்கள் பல.
- பதிவுகளை மியூசிக் அலமாரியில் போடாதீர்கள். அங்கே எல்லாம் சேர்ந்து ஒரே புத்தகமாகிவிடும். அதர் புக்ஸில் போட்டால் ஒவ்வொரு பாடத்திலும் விட்ட இடம் தனித்தனியே நினைவில் இருக்கும்.
- கோப்புப் பெயர் 01, 02 என்று தொடங்கட்டும்.
- கருவி இங்கிலீஷில் பேசுவதற்குப் பயப்பட வேண்டாம். ஃபோல்டர், ஃபைல், டைம் ஜம்ப் என்று நாலைந்து சொல்தான். எனக்கும் இங்கிலீஷ் குறைவு.

புக்மார்க்கை நான் அதிகம் பாவிக்கவில்லை. பாவித்துப் பயன் கண்டவர்களும் உண்டு. என் சுபாவத்துக்கு அது சரிவரவில்லை. வேகத்தைக் கூட்டிக் கேட்பதும் அப்படித்தான். அக்காவின் குரல் அவசரப்பட்டால் என் மனமும் அவசரப்பட்டது.

ஒன்றை விட்டுவிட்டேன். காலை நாலு மணிக் குளிரில் விரல் விறைத்து ஒரு விசைக்கு இரண்டாக விழும். தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அக்கா பதிந்த அரசியல் பாடங்கள் என் மெமரி காட்டில் அப்படியே இருக்கின்றன. அட்டன் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் மெமரி காட் கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன்.