ஆலோசனைக் குழுவின் நாற்காலிகள் யாருக்கு?

எங்கள் குடும்பத்தில் இருவர் முன்னாள் படைவீரர்கள். அம்மாவின் அண்ணனான பெரிய மாமா, 1970களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென இருந்த ‘ஜல்சேனா’ கடற்படைத் தளத்தில் தாமாக முன்வந்து சேர்ந்தவர். அப்பாவின் தம்பியான சித்தப்பா, 1980களில் நாட்டைவிட்டு வெளியேறி, நிறவெறி அரசை எதிர்த்த ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் ஆயுதப் பிரிவான ‘உம்கொண்டோ வி சிஸ்வே’யில் இணைந்து அங்கோலாவில் பயிற்சி பெற்றவர். ஒருவர் சீருடை அணிந்த அரசையே மற்றவர் எதிர்த்துப் போரிட்டார். டர்பனில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்தில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தும், பல ஆண்டுகள் கல்யாண வீடுகளில்கூட இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை.

இவர்கள் இருவரையும் ஒரே சொல்லால் குறிப்பது தென்னாப்பிரிக்காவின் 2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் முன்னாள் படைவீரர் சட்டமாகும். 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எந்தத் தரப்பில் பணியாற்றியிருந்தாலும், 1961க்கு முந்தைய ஒன்றியப் பாதுகாப்புப் படையில் இருந்திருந்தாலும், 1994க்குப் பின் அமைந்த தேசியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்திருந்தாலும், பயிற்சியை முடித்து, அவப்பெயருடன் நீக்கப்படாமல் விலகிய குடிமக்கள் அனைவரையும் அச்சட்டம் முன்னாள் படைவீரர் என்கிறது. பெருந்தன்மையான வரையறை என்றே நான் இன்றும் கருதுகிறேன். ஆனால், வரையறை விரிந்திருக்கும் அளவுக்கு, அமைச்சருக்கு அறிவுரை கூறவென அதே சட்டம் ஏற்படுத்திய ஆலோசனைக் குழுவும் விரிந்திருக்க வேண்டும். அதில் யார் அமர்வது என்பதை நியமிப்பவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், சேவையின் வகையைப் பெயர் சொல்லிச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் சித்தப்பாவின் அனுபவம். தம் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கக் கோரி அவர் ஓர் அலுவலகத்துக்குச் சென்றபோது, முதலில் கேட்கப்பட்டது அவருடைய படை எண். முகாமில் அவருக்கு இருந்தது ஒரு புனைபெயர் மட்டுமே. பிடிபட்டால் வீட்டாரைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அந்தப் பெயரை அறிந்திருந்த தோழர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை. மாமாவுக்கோ எண்ணும் உண்டு, பணிநீங்கல் சான்றும் உண்டு. அவருடைய குறை, இயந்திர அறையில் நின்று நின்று மங்கிப்போன காதுகள். ஒருவர் தாம் யார் என்பதை நிறுவப் போராடுகிறார், மற்றவர் மருத்துவருக்காகக் காத்திருக்கிறார். முகாமில் வாழ்ந்த ஒருவர் குழுவில் இருந்தால், “எண் இல்லாதவர்களிடம் எதைச் சான்றாகக் கேட்பது?” என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழும். அவர் இல்லாத குழுவுக்கு அது கேள்வியாகவே தோன்றாது.

அமெரிக்காவில் இதற்கு முன்மாதிரி உண்டு. முன்னாள் பெண் படைவீரர்களுக்கான ஆலோசனைக் குழுவை 1983இல் சட்டத்தின் மூலம் அமைத்தார்கள். அதன் உறுப்பினர்களைத் முன்னாள் படைவீரர் துறைச் செயலரே நியமிக்கிறார் என்றாலும், அவர் எந்தெந்த வகையினரிடமிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லிவிடுகிறது: பெண் படைவீரர்களின் பிரதிநிதிகள், அவர்களுடைய தேவைகளை ஆராய்ந்தறிந்த வல்லுநர்கள், பணியின் காரணமாக உடல் ஊனமுற்ற பெண் ஒருவரும் ஆண் ஒருவருமாவது, அண்மையில் பணியிலிருந்து விலகிய பெண்கள். சிறுபான்மையின முன்னாள் படைவீரர்களுக்கான குழு 1994இல் வந்தபோதும் இதே முறையைப் பின்பற்றினார்கள். நியமிக்கும் உரிமை பறிக்கப்படவில்லை. எவரையும் மறந்துவிட இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மறக்கப்படுவது தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1899இல் ஆங்கிலேயருக்கும் பூவர்கள் எனப்பட்ட டச்சு வழிக் குடியேறிகளுக்கும் இடையே பூவர் யுத்தம் தொடங்கியபோது, காந்தி திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் பிற வேலையிடங்களிலிருந்தும் அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியன் கோப் போர்க்களத்தில் காயம்பட்டவர்களை டோலியில் வைத்து மைல் கணக்கில் சுமந்தவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் பதக்கம் கிடைத்ததோ தலைவர்கள் என்று கருதப்பட்ட 37 பேருக்கு. இரண்டாம் உலகப் போரிலும் நம்மவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்படவில்லை. வண்டி ஓட்டினார்கள், சமைத்தார்கள், டோலி தூக்கினார்கள். மேசையில் இடம் பெறாதவனின் உழைப்பு கணக்கிலும் ஏறுவதில்லை என்பதை எங்கள் தாத்தாமார் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

விதவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈமச் செலவுக்கான உதவியும் பிள்ளைகளின் கல்விக்கான உதவியும் சட்டத்தில் உள்ளன. ஆனால், அவற்றுக்காக விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்பவள் பெரும்பாலும் மனைவிதான். முன்னாள் படைவீரர் சங்கங்களில் அவளுக்கு வாக்கு இல்லை. குழுவில் ஓர் இடமாவது வாழ்க்கைத் துணையை இழந்தவருக்கு என்று எழுதப்பட வேண்டும்.

நம் அரசியலமைப்பின் 59ஆம், 72ஆம் பிரிவுகள், சட்டம் இயற்றும் பணியில் பொதுமக்களைப் பங்கேற்கச் செய்யும் கடமையை நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் விதிக்கின்றன. எனவே, இச்சட்டத்துக்கான திருத்தம் கருத்துக் கேட்புக்கு வரும் நாளுக்காக ஒரு மனுவை ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம். சித்தப்பா சொல்லச் சொல்ல மாமா எழுதுகிறார். காது சரியாகக் கேட்காததால் ஒவ்வொரு வரியையும் சித்தப்பா இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதவைகளைப் பற்றிய பத்தியைத் தாமே எழுதித் தருவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார்.