அம்மாவின் சிகிச்சை: நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்கள்

பிப்ரவரி 6
அம்மாவின் பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய். ஹெர்2 பாசிட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் அதிகமுள்ள வகை), கிரேடு 3. வேகமாக வளரும் வகை. ஸ்கேனில் கட்டி 2 செ.மீ.க்குள்தான் இருக்கிறது, அக்குள் நிணநீர் முடிச்சுகளும் சுத்தம். "74 வயசுல கீமோ எதுக்கும்மா? நிம்மதியா இருக்க விடுங்க" என்றார் சித்தப்பா. அக்கறையில் சொன்னதுதான். ஆனால் இந்த நோய் அம்மாவை நிம்மதியாக இருக்க விடுமா?

பிப்ரவரி 13
டாக்டர் இன்று கட்டியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அம்மாவின் உடம்பு கீமோவைத் தாங்குமா என்றுதான் பார்த்தார். அம்மாவை நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். எடை குறைந்ததா, சமீபத்தில் விழுந்தாரா, என்னென்ன மாத்திரை என்று என்னிடம் விசாரித்தார். "என்கிட்டயே கேளுங்க டாக்டர்" என்றார் அம்மா. அதன்பின் எல்லாம் அம்மாவிடமே. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 62 சதவீதம்.

மார்ச் 9
அறுவை முடிந்தது, நிணநீர் முடிச்சுகளில் எதுவும் இல்லை. இனி மருந்து. 2009-இல் வந்த ஓர் ஆய்வு: 65 தாண்டிய 633 பெண்களில், வழக்கமான கீமோவுக்குப் பதில் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரு மடங்கு. இன்னொன்று ஜப்பானில், ஹெர்2 வகையுள்ள 70 முதல் 80 வயதுப் பெண்களிடம் நடந்தது. ஹெர்2-வைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் ஊசி மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் 89.5 சதவீதம், கீமோவும் சேர்ந்தால் 93.8. இரண்டையும் அம்மாவிடம் விளக்கினேன். "உடம்பு தாங்குற வரைக்கும் போட்டுக்கறேன்" என்றார். வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து 12 முறை, கூடவே ட்ராஸ்டுசுமாப்.

மே 20
சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அம்மா தடுமாறுவதைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது, காலிலும்தான். பாக்லிடாக்சலின் பக்கவிளைவு. பல நாளாகவே இருந்திருக்கிறது. "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு பயந்தேன்டி." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வயதானவர்கள் இப்படித்தான் மறைக்கிறார்கள். எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும். பொத்தான் போட வருகிறதா, செருப்பு கழன்று போவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். உணர்வில்லாத காலோடு நடந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது புற்றுநோயைவிடச் சீக்கிரம் ஆளைப் படுக்க வைத்துவிடும்.

மே 22
டாக்டர் மருந்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார். அம்மா முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

ஜூலை 2
கீமோ முடிந்துவிட்டது. எக்கோவில் 57. ட்ராஸ்டுசுமாப் இதயத்தைச் சற்றுத் தளர்த்தக்கூடும், அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். இந்த அளவு இறக்கத்துக்கு ஊசியை நிறுத்த வேண்டியதில்லையாம். திங்கள்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது. ட்ராஸ்டுசுமாப் இனி மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, ஓராண்டு நிறையும்வரை.