அலமாரிக் கதவும் 22 கேள்விகளும்

கீழே விழுந்த பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, திறந்து கிடந்த அலமாரிக் கதவின் முனை உச்சந்தலையில் ணங்கென்று இடித்தது. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு நொடி கண்ணில் பூச்சி பறந்தது, அவ்வளவுதான். தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் கணினித் திரையில் பக்கத்தை நகர்த்தும்போதெல்லாம் குமட்டியது. மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரே வரியை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

முதலில் போன இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது, இருட்டறையில் படுத்து ஓய்வெடுங்கள் என்றார்கள். எத்தனை நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கிடந்தேன். தலைவலி போகவில்லை. பகலில் தூங்கி, இரவில் விழித்துக் கிடந்து, மூளையில் ஏதோ கெட்டுவிட்டது என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஸ்கேனை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் அதில் தெரியும். மூளை அதிர்ச்சியில், அதாவது அடிபட்டு மூளை குலுங்குவதில், குலைவது நரம்பிழைகளின் வேலை, அது பெரும்பாலும் படத்தில் விழாது என்றார். பிறகு ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். ஆகஸ்டில் தடுக்கி நின்றேன். ஒரு பேனாவை மெல்ல என் மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, இரண்டாகத் தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார். ஒரு சாண் தூரத்திலேயே இரண்டாகிவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் வரைக்குமாவது ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். திரையைப் பார்த்தால் ஏன் குமட்டுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசியில் அந்த ஐந்து சொற்களை மறுபடி கேட்டார். இரண்டுதான் வந்தன.

இதெல்லாம் அமெரிக்க ராணுவத்தில் அடிபட்ட சிப்பாயைச் சோதிக்கும் ‘மேஸ் 2’ என்ற முறையில் உள்ளவை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் குண்டுவெடிப்பில் சிக்கியவர்கள், நான் அலமாரியில் இடித்துக்கொண்டவள். அவர் சிரிக்கவில்லை. 2000-லிருந்து அந்த ராணுவத்தில் தலைக்காயம் என்று கண்டறியப்பட்டவர்கள் நான்கரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை லேசான வகை, பெரும்பாலானவை போர்க்களத்துக்கு வெளியே நடந்தவை. பயிற்சி, வண்டி விபத்து, விளையாட்டு, தடுக்கி விழுவது. அப்படியானால் நானும் அந்தக் கூட்டம்தான்.

வேலைக்குத் திரும்பவும் அவர்களிடம் ஆறு படி கொண்ட முறை இருக்கிறது. ஓய்வு என்பது முதல் படியில், 24 மணி நேரத்துக்கு. அதிலும் இருட்டறைச் சிறை கிடையாது. பிறகு லேசான நடை, சின்ன வேலை என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு படியில் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு கூடினால் ஏறக்கூடாது. (ஒன்று சொல்லிவிடுகிறேன்: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கம் பலவீனம், கருமணிகள் அளவில் மாறுபடுவது, இதில் எது வந்தாலும் படியும் கிடையாது, நோட்டும் கிடையாது. உடனே அவசரப் பிரிவு.)

நோட்டு என்றேன் அல்லவா? 22 தொந்தரவுகள் உள்ள ஒரு பட்டியல் தந்தார். தலைச்சுற்றல், வெளிச்சம் கூசுவது, மறதி, தூக்கம், எரிச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். முதல் இரவு எரிச்சலுக்கு 0 போட்டேன். எட்டிப் பார்த்த என் கணவர் எதுவும் பேசாமல் பேனாவை வாங்கி, பக்கத்தில் 3 என்று எழுதினார். சண்டை போட்டேன். அந்தச் சண்டையே 3-க்குச் சாட்சி. அதற்கப்புறம் அந்த வரியை மட்டும் அவரே நிரப்பினார். சிப்பாய்களும் தொந்தரவைக் குறைத்துத்தான் சொல்வார்களாம், படையைவிட்டு ஒதுங்க மனமில்லாமல். எனக்கு வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற கவலை.

நான்காம் படியில் அவசரப்பட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது என்று மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் மெய்ப்புப் பார்த்தேன். அன்று மாலை தலைவலி 3. ஒரு படி இறங்கி, மறுபடி இருபது நிமிட வேலை, பத்து நிமிட இடைவெளி.

இடையில், ஈராக்கிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றி 2008-ல் வந்த ஓர் ஆய்வைப் படித்துக் கோபம்கூட வந்தது. போர் அதிர்ச்சி மனநோயையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்தால், தலைவலி தவிர மற்றத் தொந்தரவுகளுக்கும் மூளை அதிர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்கிறது அது. அப்படியானால் எல்லாம் மனசுதானா? மருத்துவரிடம் கேட்டேன். “தொந்தரவு பொய் என்று அதில் எங்கே இருக்கிறது? தூக்கத்தையும் பயத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் அர்த்தம்” என்றார். சரி என்று தினமும் ஒரே நேரத்தில் எழுந்தேன், பகல் தூக்கத்தை நிறுத்தினேன், காலையில் நடந்தேன். பேனாவை மூக்கருகே கொண்டுவந்து ஒன்றாகவே பார்க்கப் பழகும் பயிற்சியையும் விடவில்லை. எனக்கு அதிகம் கைகொடுத்தது தூக்கத்தை ஒழுங்கு செய்ததுதான்.

முன்னாள் வீரர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, மயக்கம் வராத லேசான காயத்துக்குப் பிறகும் மறதி நோய் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறது. அதைப் படித்த இரவு தூங்கவில்லை. இடிபட்டதை இனி மாற்ற முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன், நடை, மறுபடி அடிபடாமல் இருப்பது எல்லாம் உங்கள் கையில்தான் என்றார் மருத்துவர். மறுநாளே ரத்த அழுத்தம் பார்த்தேன். அலமாரிக் கதவுக்குத் தானாக மூடும் கீல் போட்டாயிற்று.

ஏழாவது வாரம் பேனா மூக்கருகே வரும்வரை ஒன்றாகவே இருந்தது. மாதங்கள் ஜனவரி வரை தடுக்காமல் ஓடின. ஐந்து சொற்களில் நான்கு வந்தன. நோட்டில் 21 வரிகள் 0. எரிச்சல் மட்டும் 1-லேயே நிற்கிறது. அது கதவு இடிப்பதற்கு முன்னாலும் இருந்ததுதான் என்கிறார் என் கணவர்.